ஏழாவது கல்

சமையலறைத் தரையில் கல் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது என்று தினமும் சண்டைக்கு வருகிறார், ஒரு நடை வந்து பாருங்கள் என்று மகள் போனில் சொன்னபோது மேஸ்திரி நம்பவில்லை. அந்தத் தரையைப் போட்டதே அவர்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், மகள் அந்த மாடி வீட்டுக்குக் குடிபோன புதிதில், ஒரு கல்லைக்கூட வேறு ஆளைத் தொடவிடாமல் போட்ட தரை. அவர் போட்ட தரை தூக்காது. தூக்கியது என்றால் யாரோ தூக்க வைத்திருக்கிறார்கள்.

யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை.

மருமகன் போரிலிருந்து திரும்பிப் பதினாலு மாதம் ஆகிறது. பட்டாளத்தில் அவருக்குக் கண்ணிவெடி எடுக்கிற வேலை. மூன்று வருடம் அதைச் செய்துவிட்டு வந்தார். வந்தவருக்குக் கை இரண்டும் இருந்தது, கால் இரண்டும் இருந்தது, பத்து விரலும் எண்ணினால் சரியாக வந்தது. ஆனால் வேலைக்குப் போகவில்லை. ஒரு குடோனில் காவலுக்குச் சேர்ந்து நாலாம் நாள் விட்டுவிட்டார். மனசு சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதி மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். மகள் இதைச் சொன்னபோது மேஸ்திரி ஒரே கேள்விதான் கேட்டார்.

"மனசு யாருக்கும்மா சரியா இருக்கு? எனக்கு இருக்கா? நான் வேலைக்குப் போகலையா?"

அதற்குப் பிறகு மகள் அவரிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவரும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. குடிக்கிறான், அதை மறைக்கிறாள் என்று தனக்குள் முடிவு கட்டிக்கொண்டார். இப்போது கல் ஒரு சாக்கு. மகளையும் பேத்தியையும் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும் என்று, தன் வீட்டில் பின்னறையைக் காலி பண்ணிக் கழுவி வைத்துவிட்டுத்தான் சாமான் பையைத் தூக்கினார்.

மகளுக்கு மருந்துக் கம்பெனியில் டப்பா அடைக்கிற வேலை, காலை ஷிஃப்ட். படியில் எதிரே வந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள்.

"அப்பா, அவர் குளிக்கிறார். வந்ததும் சொல்லிட்டு வேலையை ஆரம்பிங்க. சொல்லாம ஆரம்பிக்காதீங்க."

"நான் போட்ட தரையை நான் தட்ட யார்கிட்ட உத்தரவு வாங்கணும்?"

"அப்பா."

"சரி சரி. போ. பஸ்ஸை விட்டுடாத."

"ரெண்டு மணிக்கு வந்துடுவேன்," என்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இறங்கிப் போனாள். இவள் ஒன்றை மறைக்கிறாள் என்று மேஸ்திரி நினைத்தார். அது மட்டும் அவர் சரியாக நினைத்தது.

கதவு திறந்திருந்தது. பேத்தி, ஏழு வயது, பள்ளிக்கூடம் லீவு. கூடத்தில் நாற்காலியில் சம்மணம் போட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் ஓடிவரவில்லை.

"தாத்தா, செருப்பை ஆணியில மாட்டுங்க. கீழ எதையும் வைக்கக் கூடாது."

பார்த்தார். உண்மைதான். தரையில் ஒரு சாமான் இல்லை. புத்தகப் பை ஆணியில், துடைப்பம் ஆணியில், காய்கறிக் கூடை ஆணியில். மிதியடி இல்லை, பாய் இல்லை. கட்டிலின் காலடியில்கூடத் தூசு இல்லை. பரவாயில்லையே, பட்டாளத்து ஆள் வீட்டை ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறான் என்று, பிடிக்காத மனுஷனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நினைத்துக்கொண்டார்.

அந்த நல்ல வார்த்தை சமையலறை வாசலோடு செத்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அவர் வழித்து வழித்து அடைத்த சிமெண்ட் ஒரு இடத்தில்கூட இல்லை. சுரண்டி எடுத்திருக்கிறது. எலி கடித்ததுபோல் அல்ல. கோடு பிடித்தாற்போல, சுத்தமாக, எல்லாக் கல்லையும் சுற்றி. அந்தச் சந்துகளில் தண்ணீர் இறங்கினால் கல் தூக்காமல் என்ன செய்யும்?

"யார் குட்டி இதைச் சுரண்டினது?"

"அப்பா பார்ப்பாரு."

"எதைப் பார்ப்பாரு?"

"சும்மா. இருக்கான்னு பார்ப்பாரு," என்று அவள் படத்துக்கு வண்ணம் அடிக்கப் போய்விட்டாள்.

இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காத்திருக்க மேஸ்திரிக்குப் பொறுமை இல்லை. மண்டியிட்டு, கொத்துக் கரண்டியைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டினார். நன்றாகப் பிடித்திருக்கும் கல் 'டக்' என்று கெட்டியாகச் சொல்லும். அடியில் காற்று நின்றால் 'பொத்' என்று வெறும் டப்பா மாதிரிச் சத்தம் வரும். அப்படி வருகிற கல்லின் மேல் சிவப்புச் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார். நாற்பது வருட வழக்கம். குறி போட்டதைப் பெயர்க்க வேண்டும், போடாததை விட வேண்டும். எந்தக் கொத்தனாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

பேத்திக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. எழுந்து வந்து, "இது? இது?" என்று கேட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தாள்.

"இது சொத்தை. இது நல்லது. இது சொத்தை."

"இது, நான் நிக்கிறது?"

அவள் காலுக்குப் பக்கத்தில் தட்டினார். பொத். அவள் பாதத்தைச் சுற்றி இழுத்து ஒரு சிவப்புக் குறி போட்டார். அது ஏழாவது.

அப்போதுதான் குளியலறைக் கதவு திறந்தது.

மருமகன் இடுப்பில் துண்டோடு வந்து வாசலில் நின்றார். நின்றவர் பார்த்தது இவ்வளவுதான்: மண்டியிட்டுத் தரையைத் தட்டும் ஒரு ஆள், தரை முழுக்கச் சிவப்புக் குறிகள், ஒரு குறியின் மேல் தன் பெண்.

சத்தம் போடவில்லை. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் பேசுகிற குரலில் சொன்னார். "பாப்பா. நில்லு."

மேஸ்திரி ஆயுளில் எத்தனையோ பார்த்தவர். சாரம் சரிந்து ஆள் விழுந்ததைப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அந்தக் குழந்தை ஆன விதத்தை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. இரண்டு கையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. கண் எதிர்ச் சுவரில் ஒரு இடத்தில் போய் நின்றது. மூச்சுகூட மேலோடு நின்றது. பயந்து விறைத்த குழந்தை இல்லை அது. பழகிய குழந்தை.

"என்ன மாப்பிள்ளை, காலங்காத்தால விளையாட்டு?"

"மாமா, கையில இருக்கிறதைக் கீழ வைக்காதீங்க. எழுந்திரிக்காதீங்க. எங்க இருக்கீங்களோ அங்கயே இருங்க."

மருமகன் கதவு மூலையில் மேலே எங்கோ கைவிட்டு ஒரு சைக்கிள் கம்பியை எடுத்தார், முனை தீட்டிய கம்பி. குப்புறப் படுத்து, வயிற்றால் ஊர்ந்து வந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கம்பியைச் சாய்த்து மெல்ல விட்டார், எடுத்தார், ஒரு விரல் தள்ளி மறுபடி விட்டார். தன் தரையைச் சுரண்டியது யார், எதற்கு என்று மேஸ்திரிக்கு அப்போது தெரிந்தது.

"மாப்பிள்ளை, இது மாடி. கல்லுக்கு அடியில சிமெண்ட்டு, அதுக்கு அடியில கான்கிரீட், அதுக்கு அடியில கீழ்வீட்டுக்காரரோட ஃபேன் தொங்குது. அவ்வளவுதான். இதைப் போட்டவன் நான்."

கம்பி போய் வந்தது.

"ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல?"

"நானும் அப்படித்தான் மாமா சொன்னேன்."

"யார்கிட்ட?"

"அங்க ஒரு வீடு. சமையலறையில ஒரு பொண்ணு நின்னுட்டு இருந்தா. இவ உசரம்தான். நான் வாசல்ல இருந்து ரெண்டு இடம் குத்திப் பார்த்தேன். மூணாவது இடம் பார்க்கல, வெயில், தண்ணித் தாகம். ஒண்ணுமில்ல, வான்னு கையை நீட்டினேன்." கம்பியை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். "வந்தா."

கீழ்வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். விசில் வந்தது.

இருந்தாலும் அவர் அவர்தானே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டால் எல்லாம் தீர்ந்தது என்று கையை நீட்டி எழப் பார்த்தார். மருமகன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் கணுக்காலைப் பிடித்தார். குறடு பிடித்தமாதிரிப் பிடி. எலும்பு நொறுங்கிவிடும்போல் இருந்தது.

"தாத்தா, என்னைத் தொடாதீங்க," என்றாள் பேத்தி, சுவரைப் பார்த்தபடியே. "அப்பாவுக்குத் தெரியும். கொஞ்ச நேரந்தான். நான் வாய்ப்பாடு சொல்லிட்டு நிப்பேன். போன தடவை பதினாறு வரைக்கும் போயிட்டேன்."

"போன தடவையா?"

"பாத்ரூம்ல. அம்மா ஒரு தடவை கட்டில்கிட்ட. அம்மா அழுதாங்க. நான் அழல."

ரெண்டாம் வாய்ப்பாட்டில் ஆரம்பித்தாள். வாய் மட்டும் அசைந்தது. ஏழாம் வாய்ப்பாட்டில் வெயில் ஜன்னலிலிருந்து அடுப்பு மேடைக்கு வந்திருந்தது. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் இரண்டு தடவை தப்பு விட்டு முதலிலிருந்து சொன்னாள். பிறகு, நின்ற இடத்திலேயே, கால் அசையாமல், அவளுக்குச் சிறுநீர் போயிற்று. காலோடு வழிந்து, கல்லில் பரவி, சிவப்புக் குறியைக் கரைத்துக்கொண்டு சந்துக்குள் இறங்கியது.

"பரவாயில்லடா கண்ணு. பரவாயில்ல. நல்லா நிக்கிற," என்றார் மருமகன். இடுப்புத் துண்டின் முனையால், அவள் பாதத்தில் படாமல், சுற்றிலும் ஒற்றி ஒற்றி எடுத்தார். அந்தக் கையில் இருந்த பக்குவத்தை மேஸ்திரி பார்த்தார். கெட்டவன் என்றால் கரண்டியாலேயே மண்டையில் போட்டிருப்பார். குடிகாரன் என்றால் உதைத்திருப்பார். இதை என்ன செய்வது? அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"மாப்பிள்ளை," என்றார். தன் குரல் தனக்கே வேறு ஆள் குரல் மாதிரிக் கேட்டது. "நான் நிக்கிறேன். அவளை விடுங்க."

கம்பி நின்றது. மருமகன் முதல்தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார். "உங்க எடை அதிகம். அதிகம்னா பரவாயில்ல. குறையத்தான் கூடாது."

"குறையாது. சொல்லு, எப்படி வைக்கணும்?"

பதட்டத்தில் மரியாதை போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை.

"அப்படியே எழுந்திருங்க. வலது கால். அவ பாதத்தை ஒட்டி. முன்னங்கால் முதல்ல, குதிகால் அப்புறம். மெதுவா. இப்ப எடையை அதுல போடுங்க. முழுசா. முழுசாப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"பாப்பா, உன் இடது காலை மட்டும். ஆங். இப்ப வலது."

மருமகன் அவளை வாரி எடுத்து, சமையலறை வாசலுக்கு வெளியே கூடத்தில் விட்டார். அவள் நின்று, இரண்டு காலையும் உதறி, பாவாடையைப் பிழிந்து, "அப்பா, நான் பிஸ்கட் எடுத்துக்கட்டா?" என்று கேட்டாள்.

மேஸ்திரி மனசுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தார். குழந்தை வெளியே போனவுடன் அதே கல்லில் ஓங்கி நாலு மிதி மிதித்து, பார்த்தியா, உன் வெடி எங்கே என்று கேட்பது. வாயால் சொன்னால் நம்பாதவன் கண்ணால் பார்த்தால் நம்புவான். அவர் அப்படி நம்புகிற ஆள். ஆகவே காலைத் தூக்கப் போனார்.

தூக்கவில்லை.

மருமகன் திரும்ப வந்து படுத்திருந்தார். இந்தத் தடவை முகத்தை மேஸ்திரியின் பாதத்துக்கு அரை அடி தள்ளி வைத்து, உடம்பை வாசலுக்குக் குறுக்கே நீட்டிப் படுத்திருந்தார். பிள்ளை இருக்கிற பக்கத்தை உடம்பால் அடைத்துக்கொண்டு. நெற்றி வேர்வை சொட்டிச் சொட்டிக் கல்லில் விழுந்தது. அந்த ஆள் வேஷம் போடவில்லை. இந்தக் கிழவன் கால் அசைந்தால் தன் தலை போகும் என்று நூற்றுக்கு நூறு நம்பிக்கொண்டு, அந்தத் தலையைக் கொண்டுவந்து அங்கேயே வைத்திருந்தார். இத்தனை வருடமாக ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மாமனாருக்காக.

மறுபடி தூக்கப் பார்த்தார். தன் கால்தான், தன் தொடைதான். ஒத்துக்கொள்ளவில்லை. இதைப் போட்டவன் நான் என்று சொல்லிக்கொண்டார். நீ போட்டு ஆறு வருஷம் ஆச்சே, நடுவில யார் வந்தான், யார் போனான்னு உனக்குத் தெரியுமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அது மருமகன் குரல் இல்லை. ஊரில் ஒருத்தனையும் நம்பாத அவருடைய சொந்தக் குரல். அறுபத்தெட்டு வயதில், தன் கையால் போட்ட கல்லின் மேல், மேஸ்திரி காலை எடுக்கப் பயந்து நின்றார்.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. இடுப்பு விண்விண் என்று தெறித்தது. கண்ணில் வேர்வை இறங்கியது, துடைக்கக் கையைத் தூக்கவில்லை. மருமகன் அவ்வப்போது, "நல்லா நிக்கிறீங்க மாமா," என்றார்.

வெளிக்கதவு திறந்தது. மகள் வந்தாள். பார்த்தாள். கத்தவில்லை. பையை ஆணியில் மாட்டினாள்.

"எவ்வளவு நேரமாச்சு பாப்பா?"

"நான் நின்னதுல இருந்தா, தாத்தா நின்னதுல இருந்தாம்மா?"

மகள் கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, குப்புறப் படுத்து, மருமகன் ஊர்ந்த அதே வழியில் ஊர்ந்து வந்தாள். கணவன் பக்கத்தில் வந்ததும் அவர் தோளில் இரண்டு தட்டு தட்டினாள். குரல் மாறியிருந்தது, வீட்டுக் குரல் இல்லை.

"ஆள் மாத்தியாச்சு. உங்க நேரம் முடிஞ்சது. மீதியை நான் பார்க்கிறேன்."

"ஏழு குறி இருக்கு," என்றார் மருமகன். "நாலு பார்த்துட்டேன்."

"நாலு முடிஞ்சது, மூணு பாக்கி. வாங்கிக்கிட்டேன். கம்பியைக் குடுங்க."

கம்பியைக் கொடுத்தார். அதே வழியில் பின்னோக்கி ஊர்ந்து வெளியே போனார். கட்டில் கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பட்டாளத்தில் ஒருவன் வேலையை அடுத்தவன் வாங்கிக்கொள்கிற முறை அது. மகள் எத்தனை முறை அழுது, கெஞ்சி, கடைசியில் இந்த ஒரு வழியைக் கண்டுபிடித்தாள் என்று மேஸ்திரி கேட்கவில்லை.

"அப்பா, காலை எடுங்க."

மேஸ்திரி அவளைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லப்பா. எடுங்க."

"நல்லாப் பாத்தியா?" என்றார்.

தான் கேட்டது காதில் விழுந்ததும் அவர் முகம் கோணிக்கொண்டது. மகள் எழுந்து, அவர் கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்து, ஒட்டியிருப்பதைப் பிரிக்கிறமாதிரித் தூக்கிப் பக்கத்துக் கல்லில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் உடம்பு முழுக்க ஒரு உதறு உதறி, சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. மனசு யாருக்குச் சரியா இருக்குன்னு கேட்டீங்க."

மேஸ்திரி கரண்டியை எடுத்துப் பையில் போட்டார்.

"பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்கப்பா. அதுக்குத்தான் கூப்பிட்டேன். கல்லை இன்னொரு ஆளை வச்சுக்கூடப் பார்த்திருப்பேன். இவளைப் போன வாரம் ஒரு நாள் நான் வர்ற வரைக்கும் நிக்க வச்சிட்டாரு. நான் ஷிஃப்ட்ல இருந்தேன்."

"நீயும் வா."

"நானும் வந்துட்டா ஆள் மாத்த யார் இருக்கா?"

குழந்தையின் துணியைப் பையில் அடைத்தார்கள். கிளம்பும்போது மருமகன் எழுந்து வந்துவிட்டார். இப்போது சட்டை போட்டிருந்தார், தலை வாரியிருந்தார், பார்த்தால் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. குனிந்து பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். நடந்தது அவருக்குத் தெரியும். தெரிந்த வெட்கம் முகத்தில் இருந்தது. ஆனாலும் கையை விடவில்லை.

"மாமா. உங்க வீட்டுத் தரை யார் போட்டது?"

"நான்தான்."

"எல்லாக் கல்லையும் தட்டிப் பார்த்தீங்களா?"

காலையில் இதைக் கேட்டிருந்தால் மேஸ்திரி காறித் துப்பியிருப்பார். பின்னறையைக் கழுவினாரே தவிர, ஒரு கல்லையும் தட்டவில்லை.

"பார்த்தேன் மாப்பிள்ளை."

"எல்லாத்தையும்?"

"ஒண்ணுவிடாம. ஒரு குறிகூட விழல."

மருமகன் அவர் கண்ணையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பெண்ணின் விரல்களை ஒவ்வொன்றாக விட்டார்.